புது கம்ப்யூட்டர் வாங்கும் முன் ஒரு பழைய கேம்

"அப்பா, 4 ஜிபி ராமில் எந்த கேமும் ஓடாது. புது கம்ப்யூட்டர் வாங்கலாம்." ஒரு மாதமாக என் மகனின் நச்சரிப்பு இது. குமாரபாளையத்தில் விசைத்தறி ஓடினால்தான் எங்கள் வீட்டில் காசு. இப்போது ஓட்டம் குறைவு. முடியாது என்று சொல்ல மனம் வராமல், அவனுக்கு ஒரு பழைய விண்வெளி கேமைக் காட்டினேன்.

பெயர் எலைட். 1984-ல் டேவிட் பிராபென், இயான் பெல் என்ற இரு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டருக்காக எழுதியது. 1984-85-ல் மத்திய அரசு தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்ததும் இந்தக் கம்ப்யூட்டர்தான். இதன் மெமரி 32 கேபி. என் மகன் போதாது என்று சொல்லும் 4 ஜிபி, அதைப்போல் 1,31,072 மடங்கு!

கொள்ளையர் கப்பல்களைச் சுட்டு வீழ்த்திக்கொண்டே, ஒரு கிரகத்தில் சரக்கு வாங்கி இன்னொன்றில் விற்க வேண்டும். மொத்தம் 8 கேலக்ஸிகள், ஒவ்வொன்றிலும் 256 கிரகங்கள். இத்தனை கிரகங்களின் விவரங்களை எங்கே சேமித்தார்கள்? சேமிக்கவே இல்லை! முதல் கேலக்ஸி 23114, 584, 46931 என்ற மூன்று எண்களில் தொடங்குகிறது. மூன்றையும் கூட்டி 65,536-ஐக் கழித்தால் அடுத்த எண், 5093. இப்படியே கடைசி மூன்றைக் கூட்டிக்கொண்டே போனால் வரும் எண்களிலிருந்து கிரகத்தின் பெயர், இடம், ஆட்சிமுறை எல்லாம் கணக்கிடப்படும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. கட்டம் போட்ட லுங்கிக்கு நூல் வரிசையை ஒரு சீட்டில் குறித்தால் போதும். துணி முழுவதையும் வரைந்து வைக்க மாட்டோம்.

முதல் நாள், சுழலும் விண்வெளி நிலையத்துக்குள் நுழையத் தெரியாமல் கப்பலை மோதிக்கொண்டே இருந்தான். மூன்றாம் நாள், அந்தக் கூட்டல் கணக்கை பைத்தானில் எழுதிக் கொண்டுவந்து காட்டினான். அதே பழைய கம்ப்யூட்டரில்!

புது கம்ப்யூட்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீடியோ எடிட்டிங் போன்ற வேலைகளுக்கு அது தேவைதான். ஆனால் பிள்ளைகள் கேட்டவுடன் கடன் வாங்கி ஓடாதீர்கள். ஜேஎஸ்பீப் என்ற எமுலேட்டர் மூலம் பிரவுசரிலேயே எலைட் விளையாடலாம். அதன் புரோகிராமுக்கு மார்க் மாக்ஸன் எழுதியுள்ள விளக்கமும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இருப்பதை வைத்து எவ்வளவு செய்யலாம் என்று பிள்ளைகள் முதலில் பார்க்கட்டும்.

என் மகன் இன்னும் புது கம்ப்யூட்டர் கேட்கிறான். தறி நன்றாக ஓடும்போது வாங்கித் தருவேன்.