ஓர் எழுதாச் சட்டம்

"தொழிலாளி சுபாவத்திலேயே சோம்பேறி. பீஸ்ரேட் போட்டால்தான் அவன் கை ஓடும்!" முதலாளிகளின் இந்தப் பேச்சு நமக்குப் புதிதல்ல. ஆனால் பீஸ்ரேட் போட்ட பிறகும் கை ஓரளவுக்கு மேல் ஓட மறுத்தால்? அப்பொழுது படித்தவர்களை விட்டு ஆராய்ச்சி நடத்துவார்கள்.

அப்படி நடந்த ஓர் ஆராய்ச்சியை நம் மில் தொழிலாளிகள் தெரிந்துகொள்வது நல்லது. மனிதர்கள் கூட்டாக இருக்கும்போது எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஆராயும் சாஸ்திரத்துக்குச் சமூக மனோதத்துவம் என்று பெயர். அந்தச் சாஸ்திரத்தின் பாடப் புத்தகங்களிலும், மானேஜர் வேலைக்குப் படிக்கிறவர்களின் புத்தகங்களிலும் இந்த ஆராய்ச்சிக்கு இன்றும் இடம் உண்டு. மானேஜர் படித்ததைத் தொழிலாளி மட்டும் ஏன் படிக்கக் கூடாது?

அமெரிக்காவில் சிக்காகோ நகரை ஒட்டிய சிசெரோ என்ற ஊர். அங்கே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் தொழிற்சாலை. டெலிபோன் சாமான்கள் செய்யும் இடம். 1931 நவம்பரில் 14 ஆண்களை அங்கே ஒரு தனி அறையில் வைத்தார்கள். 9 பேர் டெலிபோன் இணைப்புச் சட்டங்களில் கம்பி பூட்டுகிறவர்கள். 3 பேர் அதை ஈயம் வைத்துப் பற்றவைக்கிறவர்கள். 2 பேர் சோதனை பார்க்கிறவர்கள். அதே அறையில் ஒருவர் உட்கார்ந்து, யார் என்ன செய்கிறார், என்ன பேசுகிறார் என்று குறித்துக்கொண்டே இருந்தார்.

கூலி, குழு பீஸ்ரேட். எல்லோரும் சேர்ந்து எவ்வளவு செய்கிறார்களோ அவ்வளவுக்குப் பணம். கம்பெனி குறித்த அளவு நாள் ஒன்றுக்கு 7,312 இணைப்புகள். அதிகம் செய்தால் எல்லோருக்கும் லாபம். எனவே ஒருவரை ஒருவர் விரட்டி வேலை வாங்குவார்கள் என்பது நிர்வாகத்தின் எதிர்பார்ப்பு.

நடந்ததோ வேறு. நாளுக்கு இரண்டு சட்டம், அதாவது சுமார் 6,600 இணைப்புகள் செய்வதே நியாயமான வேலை என்று தொழிலாளிகள் தங்களுக்குள் வைத்துக்கொண்டார்கள். நோட்டீஸ் பலகையில் எழுதவில்லை. கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றவும் இல்லை. ஆனாலும் அது சட்டம்! அதற்கு மேல் ஓடுகிறவன் ரேட்டைக் கெடுக்கிறவன். மிகவும் பின்தங்குகிறவன் கூட்டாளிகளை ஏய்க்கிறவன். மேஸ்திரியிடம் போய் வத்தி வைக்கிறவன் எல்லோரிலும் கேவலமானவன். மீறினவன் மேற்கையில் ஓங்கி ஒரு குத்து விழும். அவனும் திருப்பி ஒரு குத்து விடலாம். அத்தோடு சரி.

கெட்டிக்காரத்தனத்துக்கும் குறைவில்லை. ஒரு நாள் அதிகமாகச் செய்துவிட்டால் அதைக் கணக்கில் காட்டாமல் வைத்திருந்து, மந்தமான நாளில் சேர்த்துக் காட்டுவார்கள். ஒருவன் பின்தங்கினால் பக்கத்தில் இருப்பவன் கை கொடுப்பான். இது கம்பெனி விதிக்கு விரோதம். மேஸ்திரிக்கும் தெரியும், கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டார். நடவு வயலில் ஒருத்தி மட்டும் முந்திக்கொண்டு ஓடினால் மற்றப் பெண்கள் என்ன சொல்வார்கள் என்பதை அறிந்த நமக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பேராசிரியர்களுக்குத்தான் அதிசயமாக இருந்தது.

ஏன் இப்படி? தொழிலாளிகளிடமே கேட்டார்கள். "அதிகம் செய்தால் ரேட்டைக் குறைப்பார்கள், குறித்த அளவை உயர்த்துவார்கள், ஆளைக் குறைப்பார்கள், மெதுவாகச் செய்கிறவன் பாடு திண்டாட்டம்" என்ற கருத்தில் பதில் வந்தது. இந்த ஆராய்ச்சியைப் பற்றி 1939-ல் வந்த பெரிய புத்தகத்தை எழுதியவர்கள் இருவர். ரோத்லிஸ்பெர்கர் ஹார்வர்டு பேராசிரியர். டிக்ஸன் கம்பெனியின் அதிகாரி. இந்தப் பயத்துக்கு அந்தத் தொழிலாளிகளின் அனுபவத்தில் ஆதாரம் இல்லை, இது குழுவின் உணர்ச்சி என்பது அவர்கள் முடிவு.

குழுவுக்கு உணர்ச்சி உண்டு என்பது மெய்தான். கூட்டாளிகளின் சிநேகம் போய்விடும் என்ற பயம் அபராதத்தைவிடப் பெரியது. அந்த அறைக்குள்ளேயே முன்வரிசை, பின்வரிசை என்று இரண்டு கோஷ்டிகள் இருந்தன. இரண்டிலும் சேர்க்கப்படாமல் ஒதுக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். கூட்டு என்றாலே தேனும் பாலும் அல்ல. ஒதுக்கப்பட்டவனின் மனவேதனையையும் நாம் மறைக்கக் கூடாது.

ஆனால் பயத்துக்கு ஆதாரம் இல்லையாம்! அது எந்தக் காலம்? 1929-ல் தொடங்கிய பொருளாதார நெருக்கடி அமெரிக்காவை உலுக்கிக்கொண்டிருந்த காலம். அதே ஹாதார்னில் ஆயிரக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இருக்கிற வேலையை இழுத்துப் பிடித்துச் செய்தால் இன்னும் சில வாரங்கள் அடுப்பு எரியும் என்று நினைப்பது உணர்ச்சியா, கணக்கா? தொழிலாளி தன் குடும்பத்துக்காகப் போடும் கணக்கு, கம்பெனிக் கணக்கோடு ஒத்துப்போகாவிட்டால் அதற்கு உணர்ச்சி என்று பெயர் வைத்துவிடுகிறார்கள்.

அந்த எழுதாச் சட்டத்தின் குறை வேறு இடத்தில் இருந்தது. கையின் வேகத்தை அது கட்டுப்படுத்தியது. ஆபீசில் எழுதும் ஆட்குறைப்புப் பட்டியலை அதனால் தொட முடியவில்லை. 14 பேரின் கட்டுப்பாடு அறைக் கதவோடு நின்றுவிட்டது. ஆலை முழுவதற்கும் சேர்த்துப் பேச அங்கே சுயேச்சையான சங்கம் எதுவும் இல்லை.

1932 மே மாதம் அந்த அறையை மூடினார்கள். ஆராய்ச்சி முடிந்துவிட்டது என்பதால் அல்ல. ஆலையில் வேலை இல்லை.