குப்பைத்தொட்டியில் முடியும் கடிகாரம்

தமிழ்ப்பள்ளி மாணவன் எழுதும் தன்கதைகளுள் கைக்கடிகாரத்தின் கதை பழகிப்போன ஒன்று. அஃது எங்கோ ஒரு தொழிற்சாலையில் பிறக்கும். கடையின் கண்ணாடிப் பேழையில் வீற்றிருக்கும். அன்புள்ள தந்தை ஒருவர் அதனை வாங்கித் தம் மகனுக்குப் பிறந்தநாள் பரிசாக அளிப்பார். சில காலம் இன்பம். பின்னர் ஒருநாள் அது நீரில் விழும், நின்றுபோகும். அடுத்த வரியிலேயே குப்பைத்தொட்டி. அங்குக் கிடந்தவாறு தன் விதியை நொந்து கடிகாரம் கண்ணீர் வடிக்க, கட்டுரை முடிவுறும். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ஒழிக்கப்பட்டது. அந்தக் குப்பைத்தொட்டியை ஒழிப்பார் இல்லை.

நின்ற கடிகாரத்தைப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டு செல்லலாம் என்ற எண்ணம் அக்கட்டுரையில் எழுவதே இல்லை. ஏன்? மாணவன் சிறுவன், அறியான் என்பது விடையாகாது. அவனுக்கு அக்கதையைக் கற்பித்தவர்கள் பழுதுபார்த்தலை அறிவுத் துறையாகக் கருதவில்லை. கைவேலை என ஒதுக்கினர். தமிழில் கட்டுரை எழுதுவோர் ஒரு புறம், திருகாணியைக் கையாள்வோர் மறுபுறம் எனப் பிரித்துவைத்ததன் விளைவே அக்குப்பைத்தொட்டி.

ஊத்தான் மெலிந்தாங் போன்ற ஊரில் இக்கதை இன்னும் பொருந்தாது. கடலை நோக்கி அகலும் பெர்ணம் ஆற்றின் கரையில் அமைந்தது அவ்வூர். அதனையடுத்த ஜெண்டராத்தா தோட்டம், டென்மார்க்கைச் சேர்ந்த ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் என்னும் பொறியாளரால் 1906இல் இரப்பருக்கெனத் தொடங்கப்பட்டது. பின்னாளில் தென்னைக்கும் செம்பனைக்கும் மாறியது. அத்தகைய தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்கு நின்ற தலைமுறைக்கு நேரம் என்பது நிருவாகத்தின் உடைமை. அந்நிலையில் தொழிலாளி ஒருவர் தம் மணிக்கட்டில் சொந்தமாக நேரம் கட்டிக்கொண்டார் என்றால், அஃது அணிகலன் மட்டுமன்று. அத்தகைய கடிகாரங்கள் பல இன்றும் இழுப்பறைகளில் உறங்குகின்றன. அவற்றுள் பலவற்றின் நோய் ஒன்றே: சாவிக்குமிழ் திரும்பாது, இழுத்தால் வாராது.

அந்நோயின் காரணம் எளிது. குமிழிலிருந்து பொறியின் உள்ளே செல்வது எஃகினாலான மெல்லிய தண்டு. பழுதுபார்ப்போர் அதனை ஸ்டெம் என்றும், குமிழைக் கிரவுன் என்றும் வழங்குவர். ஈரக்காற்றும் வியர்வையின் உப்பும் நுழையும் வாயில் அதுவே. குமிழின் உள்ளிருக்கும் இரப்பர் வளையம் நாட்பட்டு இறுகிவிட்டால் தண்டு துருப்பிடிக்கும். துரு பருத்துத் தன் துளையையே அடைக்கும். நடுப்பொறி பழுதற்றிருக்கும்; வில் முறியாமல் இருக்கும். ஆயினும் சாவி கொடுக்க வழியில்லாமையால் கடிகாரம் பிணமெனக் கிடக்கும். வாயில் அடைபட்ட வீட்டை இடிந்த வீடென்று கூறுவார் உண்டா?

சாவியே இல்லாத கைக்கடிகாரத்திற்குத் தமிழன் ஏன் சாவி கொடுக்கிறான் என்பது தமிழாசிரியர்க்கு உவப்பான வினாவாகும். பழைய சட்டைப்பைக் கடிகாரங்களுக்குத் தனிச் சாவி இருந்தது. அதனை நீக்கித் தண்டின் வழியே முடுக்கும் முறைக்கு ஏட்ரியன் ஃபிலிப் 1845இல் காப்புரிமை பெற்றார். சாவி மறைந்தது, சொல் நிலைத்தது. ஒரு பொறியின் வரலாற்றை நாவில் காத்துவரும் மொழிக்கு, அப்பொறியைத் திருத்தும் முறையை எழுத வலிமையில்லை என்று கூறுவது நகைப்புக்குரியது.

முறைதான் யாது? முதலில், செய்யத் தகாதது: குறடு கொண்டு இழுத்தல். தண்டினை உள்ளே சிறு நெம்புகோல் ஒன்று கவ்விப் பிடித்திருக்கும். அதனை விடுவிக்காமல் இழுப்பவர் தண்டை முறிப்பார், அல்லது நெம்புகோலை வளைப்பார். பின்மூடியைத் திறந்தால், தண்டு நுழையும் இடத்தருகே பழைய கடிகாரங்களில் சிறு திருகாணி ஒன்று தென்படும். அதனை ஒரு சுற்று, மிஞ்சினால் இரண்டு சுற்று தளர்த்தினால் போதும். முழுவதும் கழற்றினால் நெம்புகோல் முகப்பின் அடியில் நழுவி விழும். பின்னர் முட்களையும் முகப்பையும் அகற்றினாலன்றி அதனை மீண்டும் பொருத்த இயலாது. சீக்கோ 5 போன்றவற்றில் திருகாணிக்கு மாற்றாகச் சிறு குழி இருக்கும். அதனை ஊசிமுனையால் மெல்ல அழுத்தியவாறே குமிழை இழுத்தல் வேண்டும்.

துரு கவ்வியிருந்தால் இவ்வளவும் பயன்படா. ஊடுருவும் எண்ணெயில் ஒரு துளி. ஓர் இரவுக் காத்திருப்பு. மறுநாள் மெல்லத் திருப்புதல். மீண்டும் ஒரு துளி. பொறுமையே இங்குக் கருவி. அதற்கும் அசையாதாயின் தண்டைக் குமிழின் அருகே வெட்டிப் பொறியை வெளியே எடுத்துவிடுவர். குமிழினுள் முறிந்து தங்கிய எஃகுத் துண்டிற்கு உலகெங்கும் கடிகாரம் பார்ப்போர் கையாளும் மருந்து ஒன்றுண்டு. தமிழர் திருஷ்டிக்கெனக் கட்டித் தொங்கவிடும் படிகாரமே அது. வெந்நீரில் படிகாரத்தைக் கரையும் மட்டும் கரைத்து, குமிழை அதில் இட்டுவைத்தால், சிறு குமிழிகள் எழும்; எஃகு மெல்லக் கரையும்; பித்தளை கரையாது. முறிந்த திருகாணி பொறியின் பித்தளைத் தட்டில் சிக்கினாலும் இதுவே முறை. ஆனால் மற்றை எஃகு உறுப்புகள் அனைத்தையும் முன்னரே கழற்றிவிட வேண்டும். இல்லையேல் படிகாரம் அவற்றையும் விட்டுவைக்காது. முடிதிருத்துநர் கடையில் கிடக்கும் ஒரு கட்டியைக் கொண்டு வேதியியல் பாடம் நடத்த இதனினும் நல்ல வாய்ப்பு ஆசிரியர்க்கு வேறெது கிட்டும்?

பழுதுபார்ப்பதினும் புதியது வாங்குவதே மலிவு என வணிகர் கூறுவர். இக்கூற்றில் பாதி உண்மை உண்டு. மின்கலத்தால் ஓடும் மலிவான கடிகாரத்தில் உட்பொறியை முழுதும் மாற்றிவிடுவதே சிக்கனம். பழுதுபார்ப்பவரே அதனைச் சொல்வார். ஆயின் அவ்வுண்மையைக் கொண்டு முடுக்கிக் கட்டும் பழங்கடிகாரங்கள் அனைத்திற்கும் இரங்கற்பா பாடுவது வாதமன்று, விற்பனை. மலிவு என்னும் சொல்லின் பின்னால் ஒளிந்திருப்பது யாது என்பதையும் நோக்க வேண்டும். 2015ஆம் ஆண்டு முடிவோடு பிரிட்டனின் மொத்த விற்பனையாளர்களுக்கு உதிரிப்பாகம் வழங்குவதைச் சுவிட்சர்லாந்தின் ஸ்வாட்ச் குழுமம் நிறுத்தியது. பாகத்தைத் தடுத்துவிட்டுப் பழுதுபார்த்தல் அரிது என்பது எவ்வகை அறம்? ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் பழுதுபார்த்தலை ஊக்குவிக்க ஆணை பிறப்பித்தது. அதன் பட்டியலில் துணி துவைக்கும் பொறி உண்டு, கைப்பேசி உண்டு; கைக்கடிகாரம் இல்லை. தோற்றுவித்தவனே மறைந்துவிட்ட கடிகாரங்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஜப்பானின் சிட்டிசன் துணையோடு 1961இல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி. கடிகாரத் தொழிலை மூட இந்திய அரசு 2016இல் முடிவு செய்தது. அக்கடிகாரங்களுக்கு இன்று உறவென இருப்பவர் சந்தில் மேசையிட்டு, கண்ணில் உருப்பெருக்கியைச் செருகி அமர்ந்திருக்கும் மனிதர் ஒருவரே. அவர் அறிந்தது அவர் விரல்களில் உள்ளது, ஏட்டில் இல்லை. அவரை அழைத்து வகுப்பில் அமரவைத்து, அவர் சொல்வதை மாணவர் எழுதிக்கொள்ளச் செய்ய எந்தப் பாடத்திட்டமும் தடை சொல்லவில்லை.

கட்டுரைக்கு உருக்கமான முடிவு வேண்டாமா என்று கேட்கும் ஆசிரியரும் உளர். தன்கதையில் அழுகை இருந்தால்தான் மதிப்பெண் என்னும் நம்பிக்கை அவர்களுடையது. முடிவு ஒன்று ஆயத்தமாகவே இருக்கிறது. புதிய தண்டு எப்போதும் தேவைக்கு மேல் நீளமாகவே வரும். 0.9 மில்லிமீட்டர் புரியுடையது பரவலாகக் கிடைப்பது. அதனைப் பொறியுள் செலுத்தி, குமிழுக்கும் கூட்டுக்கும் இடையே எஞ்சும் இடைவெளியை அளந்து, அவ்வளவே வெட்டுவர். கூடுதலாக வெட்டினால் அத்தண்டு வீண். வெட்டிய முனையை அரத்தால் தேய்த்து, படிகாரத்திலிருந்து மீண்ட பழைய குமிழை அதில் திருகி, இரப்பர் வளையத்தைப் புதிதாக இடுவர். பிறகு பத்துச் சுற்று சாவி கொடுத்துக் காதருகே வைத்துப் பார்ப்பர்.