படியில் ஆள் தொங்கினால் பஸ் நகரக் கூடாது!

காலை 8 மணி. இலுப்பூர் பஸ் நிலையம். புதுக்கோட்டை பஸ் உள்ளே வருகிறது. வண்டி நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாக ஒரு துண்டு, ஒரு புத்தகப் பை, ஒரு டிபன் கேரியர் உள்ளே பறக்கின்றன. இடம் பிடித்தாகி விட்டது!

"உள்ளே போ... உள்ளே போ..." என்று கண்டக்டர் கத்துகிறார். உள்ளே இடம் இருந்தால்தானே போவதற்கு! கடைசியாக ஓடி வந்த பள்ளிக்கூடப் பையன்களுக்குப் படியில் ஒரு கால், காற்றில் ஒரு கால். விசில் ஊதுகிறது. பஸ் புறப்படுகிறது.

பஸ் நிலையத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சு. அதில் ஓர் இளைஞர் ஜெராக்ஸ் தாள்களை வைத்துக் கொண்டு உட்கார்ந்திருக்கிறார். டிரைவர் வேலைப் பரீட்சைக்குப் படிக்கிறார்.

"படிக்கட்டில் பயணி தொங்கினால் டிரைவர் என்ன செய்ய வேண்டும்?" - இது கேள்வி.

"பஸ்சை நிறுத்த வேண்டும். அவர் உள்ளே ஏறிய பிறகுதான் எடுக்க வேண்டும்" - இது விடை.

இளைஞர் அதை மனப்பாடம் செய்கிறார். அவர் கண் முன்னாலேயே அந்த பஸ் பையன்களைத் தொங்க விட்டுக் கொண்டு அன்னவாசல் ரோட்டில் திரும்புகிறது!

பரீட்சையில் ஒரு விடை. ரோட்டில் வேறு விடை. இதுதான் இன்றைய கோளாறு.

756 இடம்

2025-ம் ஆண்டு மார்ச் மாதம் அரசு போக்குவரத்துக் கழகங்கள் ஓர் அறிவிப்பு வெளியிட்டன. 3 ஆயிரத்து 274 டிரைவர்-கண்டக்டர் வேலைக்கு ஆள் தேவை என்றன. அதில் கும்பகோணம் கழகத்துக்கு மட்டும் 756 இடம். எட்டுக் கழகங்களிலும் அதுதான் அதிகம். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓடும் அரசு டவுன் பஸ்கள் இந்தக் கும்பகோணம் கழகத்தைச் சேர்ந்தவைதான்.

பத்தாம் வகுப்பு தேற வேண்டும். கனரக வாகன லைசென்சு வேண்டும். கண்டக்டர் லைசென்சும் வேண்டும். முதலுதவிச் சான்றிதழ் வேண்டும். உயரம் 160 சென்டி மீட்டர், எடை 50 கிலோ. இவ்வளவும் இருந்தால் எழுத்துத் தேர்வு. பிறகு ஓட்டிக் காட்ட வேண்டும். அதன் பிறகு நேர்முகத் தேர்வு.

இலுப்பூர், அன்னவாசல், விராலிமலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது பெரிய வாய்ப்பு. வயல் வேலையும் லாரி வேலையும் பார்த்தவர்கள் புத்தகத்தைத் தூக்கிக் கொண்டு அலைந்தார்கள். அடுத்த அறிவிப்பு எப்போது வரும் என்று இன்னும் பலர் படித்துக் கொண்டிருக்கிறார்கள்.

படிக்கட்டும், நல்லதுதான். ஆனால் எதைப் படிக்கிறார்கள், எதற்காகப் படிக்கிறார்கள் என்பதுதான் முக்கியம்.

100-க்கு 60

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ம் ஆண்டு வந்தவை. எல்.எல்.ஆர். வாங்கப் போகிறவர் கேள்விகளில் 100-க்கு 60 சரியாகச் சொன்னால் போதும் என்கின்றன அந்த விதிகள். மீதி 40 தப்பாக இருந்தாலும் பாஸ்!

கணக்கில் 40 தப்பு விட்டால் யாருக்கும் நட்டம் இல்லை. பஸ்சில் 40 தப்பு விட்டால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் பஸ் ஓட்டுகிறவருக்குப் பயணிகள் பாதுகாப்புக்கு என்றே தனிப் பரீட்சை இருக்கிறது. கனரக லைசென்சு இருந்தாலும் அதை எழுதித் தேறாமல் பஸ்சில் ஆள் ஏற்ற முடியாது. அதில் 100-க்கு 80 வாங்க வேண்டும். வண்டியை எடுக்கும் முன் எதை எதைப் பார்க்க வேண்டும்? நின்று கொண்டு வருகிறவர் எந்தக் கோட்டைத் தாண்டி முன்னால் வரக் கூடாது? ரயில் பாதைக்கு எத்தனை அடி முன்பாக நிற்க வேண்டும்? இவைதான் கேள்விகள்.

இங்கிலாந்தில் ஒரு தடவை தேறினால் முடிந்தது என்று விடுவதில்லை. பஸ் டிரைவர் ஒவ்வொரு 5 ஆண்டிலும் 35 மணி நேரம் வகுப்பில் உட்கார வேண்டும். இல்லை என்றால் பஸ் ஓட்ட முடியாது.

நம் ஊரிலும் டிரைவிங் பள்ளிகளுக்குப் பாடத் திட்டம் உண்டு. தீ விபத்து, முதலுதவி, ஜனங்களிடம் பழகும் முறை எல்லாம் அதில் இருக்கின்றன. தாளில் இருக்கின்றன. எத்தனை பேருக்கு அவை சொல்லித் தரப்படுகின்றன என்பது படித்தவர்களுக்குத் தெரியும்!

சட்டம் இருவருக்கும்தான்

மோட்டார் வாகனச் சட்டம் 123-வது பிரிவு இரண்டு வரியில் விஷயத்தை முடிக்கிறது. படியில் யாரையும் ஏற்றிச் செல்லக் கூடாது. இது டிரைவருக்கு. படியிலோ கூரை மேலோ யாரும் பயணம் செய்யக் கூடாது. இது பயணிக்கு. ஆக, தொங்குகிறவரும் குற்றவாளி. தொங்க விடுகிறவரும் குற்றவாளி.

2012-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி சென்னை பெருங்குடியில் என்ன நடந்தது? மாநகர பஸ்சின் படியில் தொங்கிச் சென்ற மாணவர்கள் மீது லாரி மோதியது. 4 பேர் இறந்தார்கள். காலையில் சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்பிய தாய்மார்களுக்குச் சாயந்திரம் பிள்ளைகள் வரவில்லை.

பெருங்குடி ரோடு அகலமான ரோடு. இலுப்பூரைச் சுற்றியுள்ள கிராமத்து ரோடுகள் அப்படியா? எதிரே ஒரு டிராக்டர் வந்தால் பஸ் ஓரத்துக்கு ஒதுங்குகிறது. அங்கே கருவேல முள் நீட்டிக் கொண்டு நிற்கிறது. படியில் இருப்பவனின் முதுகுக்கும் முள்ளுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான்.

ஒரு சுற்றுச் சுற்றினால்...

பரீட்சைப் புத்தகத்தில் முதல் பக்கத்தில் வருவது, வண்டியை எடுக்கும் முன் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பது. டயர், பிரேக், விளக்கு, கதவு, தரைப் பலகை, அவசர வழி.

2012 ஜூலை மாதம் தாம்பரம் பக்கத்தில் ஒரு பள்ளிப் பஸ்சின் தரையில் ஓட்டை. இரண்டாம் வகுப்புச் சிறுமி அந்த ஓட்டை வழியாக விழுந்து இறந்தாள். அதன் பிறகுதான் பள்ளி வாகனங்களுக்குத் தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. ஓட்டை ஒரே நாளில் விழுவதில்லை. தினமும் யாராவது குனிந்து பார்த்திருந்தால் அந்தக் குழந்தை இன்று கல்லூரிக்குப் போகும் வயதில் இருக்கும்.

அவசர வழியும் அப்படித்தான். "அவசர வழி" என்று சிவப்பு எழுத்தில் எழுதி இருக்கும். அதன் குறுக்கே அரிசி மூட்டை இருக்கும்! 2025 அக்டோபரில் ராஜஸ்தானில் ஜெய்சால்மர் பக்கத்திலும், ஆந்திராவில் கர்னூல் பக்கத்திலும் இரண்டு தனியார் பஸ்கள் தீப்பிடித்தன. வெளியே வர முடியாமல் ஏராளமானவர்கள் கருகினார்கள். தீப்பிடித்த பிறகு கதவைத் தேட நேரம் கிடைப்பதில்லை. முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும்.

ரயில்வே கேட்

ரயில்வே கேட்டும் பரீட்சையில் வருகிறது. ஆள் இல்லாத கேட் என்றால் டிரைவர் பஸ்சை நிறுத்த வேண்டும். கண்டக்டரோ உதவியாளரோ இறங்கிப் போய், இரண்டு பக்கமும் ரயில் வரவில்லை என்று பார்த்துக் கொண்டு வண்டியை அழைத்துச் செல்ல வேண்டும். வேறு ஆள் இல்லை என்றால் டிரைவரே இறங்கிப் பார்க்க வேண்டும். இது சட்டத்தின் 131-வது பிரிவு.

2025 ஜூலை 8-ந் தேதி கடலூர் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி 3 பிள்ளைகள் இறந்தார்கள். அது ஆள் இருந்த கேட்! கேட் திறந்திருக்கிறது, கேட் கீப்பர் இருக்கிறார் என்று நம்பிப் போனாலும் கண்ணையும் காதையும் கழற்றி வைக்கக் கூடாது என்பதுதான் பாடம்.

தூக்கம் வராதா?

டிரைவருக்கு மட்டும் பாடம் சொன்னால் போதுமா? முதலாளிக்கும் அதிகாரிக்கும் பாடம் வேண்டாமா?

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-ம் ஆண்டிலேயே வந்தது. நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை என்றது அது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்றது. நடுவில் அரை மணியாவது ஓய்வு தர வேண்டும் என்றது. இவையும் எழுத்துத் தேர்வில் வரக் கூடிய கேள்விகளே. விடை எழுதித் தேறியவர் வேலையில் சேர்ந்த பிறகு டபுள் டூட்டி பார்க்கிறார் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

2025 நவம்பர் கடைசியில் பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூர் அருகே இரண்டு அரசு பஸ்கள் நேருக்கு நேர் மோதின. 10-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இரண்டு பஸ்களிலும் இருந்தவர்கள் நம்மைப் போல டிக்கெட் வாங்கி, ஊர் போய்ச் சேருவோம் என்று உட்கார்ந்தவர்கள்தான்.

டிரைவர் சொல்வதும் நியாயமே

"படியில் நிற்கிறான் என்று நிறுத்தினால் ஜனங்கள் என்னைத்தான் திட்டுகிறார்கள். 'ஆபீசுக்கு நேரமாச்சு, எடுய்யா வண்டியை' என்கிறார்கள். லேட்டாகப் போனால் மெமோ வருகிறது. கலெக்‌ஷன் குறைந்தால் அதற்கும் கேள்வி. நான் என்ன செய்ய?" என்பதுதான் டிரைவர்கள் வாயில் எப்போதும் வரும் பேச்சு.

இதில் பொய் இல்லை. பஸ்சை நிறுத்திய டிரைவர் பரீட்சையில் பாஸ், டிப்போவில் பெயில்! இப்படி இருந்தால் எவர் நிறுத்துவார்?

பஸ் நிறுத்தத்திலும் இதே கதை. 2021 மே மாதம் டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்ற திட்டம் வந்தது. பெண்கள் கூட்டம் கூடியது. ஆனால் பெண்கள் நிற்பதைப் பார்த்தால் 50 அடி தள்ளிப் போய் நிறுத்தும் பழக்கமும் சில இடங்களில் வந்தது. இடுப்பில் குழந்தை, கையில் கூடை. ஓடி வந்து ஏறும் போது வண்டி நகர்ந்தால் கால் சக்கரத்துக்குள் போகும். நிறுத்தத்தில் நிறுத்துவது தர்மம் இல்லை. அது பாதுகாப்பு விதி.

என்ன செய்ய வேண்டும்?

முதல் வேலை: படியில் ஆள் இருந்தால் பஸ்சை எடுக்காமல் நிறுத்தும் டிரைவருக்கு, லேட் ஆனதற்காக மெமோ கொடுக்கக் கூடாது. இதை எழுத்து மூலமாக டிப்போவில் ஒட்ட வேண்டும். பஸ்சுக்கு உள்ளேயும் ஒட்ட வேண்டும். இதற்கு ஒரு பைசா செலவு இல்லை.

இரண்டாவது: பரீட்சையைத் தாளோடு விடக் கூடாது. நிற்கிற பஸ்சில் ஆளை ஏற்றி, "தீப்பிடித்து விட்டது, இறக்கு" என்று சொல்லிப் பார்க்க வேண்டும். அவசர வழியைத் திறக்கிறாரா? தீயணைப்புக் கருவியைப் பிடிக்கத் தெரிகிறதா? வயதானவர்களை எப்படி இறக்குகிறார்? அதற்கு மார்க் போட வேண்டும். வேலையில் இருப்பவர்களுக்கும் ஆண்டுக்கு ஒரு நாள் இது நடக்க வேண்டும்.

மூன்றாவது: பள்ளிக்கூட நேரத்தில் கூடுதல் நடை விட வேண்டும். பஸ் இருந்தால் பையன் ஏன் தொங்குகிறான்? சில பேர் வீரம் காட்டத் தொங்குகிறார்கள். அதைப் பெற்றோரும் வாத்தியார்களும் கண்டிக்கட்டும். ஆனால் பல பேர், விட்டால் முதல் பீரியடு போய் விடும் என்றுதான் தொங்குகிறார்கள்.

நான்காவது வேலை பயணிகளுடையது. டிரைவர் நிறுத்தினால் "எடு, எடு" என்று கத்தக் கூடாது. "தம்பி, உள்ளே வாப்பா" என்று கை கொடுத்து இழுக்க வேண்டும். மூட்டையை அவசர வழியில் வைக்கக் கூடாது. நடுவில் நின்று கொண்டு நகர மாட்டேன் என்று அடம் பிடிக்கக் கூடாது. உள்ளே நான்கு பேர் நகர்ந்தால் படியில் நான்கு பேர் உயிர் தப்பும்.

விபத்து நடந்து விட்டால் கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 108-க்குப் போன் செய்ய யாரும் பயப்பட வேண்டாம். அடிபட்டவரை நல்ல எண்ணத்தோடு தூக்கிச் செல்கிறவருக்கு 2019-ம் ஆண்டுச் சட்டத் திருத்தம் பாதுகாப்புத் தருகிறது. போலீசில் பெயர் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

கடைசிக் கேள்வி

தமிழ்நாட்டில் 2022-ம் ஆண்டு ஒன்றில் மட்டும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 17 ஆயிரத்து 884 பேர். மத்திய அரசு கொடுத்த கணக்கு இது. நாள் ஒன்றுக்குச் சராசரி 49 பேர். ஒரு பஸ் நிறைய ஆள்!

டீக்கடை பெஞ்சில் படித்துக் கொண்டிருக்கும் இளைஞர் நாளைக்குத் தேறுவார். காக்கிச் சட்டை போடுவார். இதே இலுப்பூர் பஸ் நிலையத்தில், இதே 8 மணிக்கு, கண்ணாடியில் பார்ப்பார். படியில் ஒரு பையன் தொங்குவான். பின்னால் இருந்து "எடுய்யா வண்டியை" என்று ஒரு குரல் வரும்.

உண்மையான பரீட்சை அப்போதுதான் ஆரம்பம். அதில் அவர் தனியாக உட்கார்ந்து எழுதப் போவதில்லை. மெமோ கொடுக்கும் அதிகாரியும், பின் சீட்டில் கத்துகிறவரும் அவரோடு சேர்ந்துதான் எழுதப் போகிறார்கள். எல்லோரும் சேர்ந்து பாஸ் ஆனால் பையன் வீட்டுக்கு வருவான்.