சாமி கும்பிட்டோமா, போனோமா?

“சாமி கும்பிட வந்தோமா, கும்பிட்டோமா, போனோமான்னு இருக்கணும். இதுல எதுக்கு அரசியல்?”

இராஜபாளையம் பக்கம் தேவதானம் பெரிய கோயில் வாசலிலும் இதைக் கேட்கலாம், மேற்கே சாஸ்தா கோயிலுக்குப் போகிற வண்டியிலும் கேட்கலாம். இந்த மலையின் பழங்குடிகளான பளியர்களின் வன உரிமை, ஓடையில் மிதக்கும் குப்பை, தப்பித் தப்பிப் பெய்கிற மழை என்று எதை எடுத்தாலும் வாயை அடைக்க இந்த ஒரு வாக்கியம் போதும். படித்தவர்கள் இதையே ‘ஆன்மிகம் தனிப்பட்ட விஷயம்’ என்று மெருகேற்றிச் சொல்வார்கள். முற்போக்கு பேசுகிறவர்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து, ‘போராட்டத்தில் சாமியைக் கலக்காதீர்கள்’ என்பார்கள். பக்தரும் பகுத்தறிவாளரும் இப்படி ஒத்துப்போகிற இடம் வேறு இல்லை. இருவர் சொல்வதும் தவறு.

முதலில் பெரிய கோயிலையே எடுத்துக்கொள்வோம். அங்கிருப்பவர் நச்சாடை தவிர்த்த லிங்கேஸ்வரர். சோழன் பாண்டியனைக் கொல்ல நஞ்சு தோய்த்த ஆடையைப் பரிசாக அனுப்பினான், இறைவன் அதைத் தடுத்துப் பாண்டியனைக் காத்தார் என்பது தலபுராணம். இரண்டு அரசர்களின் சண்டையில் குறுக்கே புகுந்து ஒரு கொலைச் சதியை முறித்த சாமியின் முன்னால் நின்றுகொண்டுதான், சாமிக்கும் அரசியலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறோம்.

சரி, மலைப்பக்கம் போவோம். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தாவைத் தேடிப் போவது தென்மாவட்டங்களில் தலைமுறை வழக்கம். வேன் வேனாகச் சனம் வரும். பொங்கல் பானை, இலைக்கட்டு, குடிநீர் பாட்டில், குழந்தைகளுக்கு நொறுக்குத்தீனி. காட்டுக் கோயில் எதுவானாலும் திருவிழாவுக்கு மறுநாள் ஓடையைப் பார்த்தால் தெரியும்: பாறையில் ஒட்டிய ஷாம்பு பாக்கெட், வேரில் சிக்கிய பாலிதீன் பை, குளித்துவிட்டு விட்டெறிந்த ஈரத்துணி. அடிவாரத்தில் தேன் பாட்டிலோடு நிற்கும் பளியரிடம் நம் ஆள் கேட்பதைக் கேளுங்கள். “என்னப்பா, சீனிப்பாகு கலந்திருக்கியா?” “இல்ல சாமி, மலைத்தேனு.” தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார், தீக்குச்சியை நனைத்து உரசிப் பார்ப்பார், அதன்பிறகு பாதி விலைக்குக் கேட்பார். பாறை இடுக்கில் கொடியைக் கட்டி இறங்கி, புகை போட்டு எடுத்த தேன் அது. அதை எடுக்க அந்த மனிதருக்கு உரிமை இருக்கிறதா, அல்லது யாரோ மனமிரங்கிக் கொடுத்த அனுமதிதானா என்ற கேள்வி மட்டும் நமக்கு வருவதே இல்லை.

சட்டம் அதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி தேன், கடுக்காய், நெல்லி போன்ற சிறு வன விளைபொருட்கள், அவற்றைச் சேகரித்து வந்த பழங்குடிகளுக்கு உடைமை. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் குடியிருந்து பயிர் செய்கிற பழங்குடிக் குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் என்ன நடந்தது? 2008இல் சென்னை உயர் நீதிமன்றம், தன் அனுமதியில்லாமல் பட்டயம் வழங்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்டது. உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது 2016இல். நடுவில் எட்டு வருடம். திருவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பிலும் அத்திக்கோயிலிலும், தாணிப்பாறை ராம்நகரிலும், இராஜபாளையம் அய்யனார் கோயில் பக்கத்திலும் வாழ்கிற பளியர்களுக்காக அந்த எட்டு வருடத்தில் எத்தனை கோயில் கமிட்டி ஒரு மனு எழுதியது? சாம்பல் நிற அணிலுக்காக 1988இல் சரணாலயமான இந்த மலை, 2021இல் திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகமும் ஆகிவிட்டது. அணிலும் புலியும் பிழைக்கட்டும், நல்லதுதான். ஆனால் காட்டில் புதிதாக ஒரு எல்லைக்கோடு விழும்போது அதைப் பற்றி முதலில் கேட்க வேண்டியவர்கள் யார்? மலைக்கோயிலுக்குப் போகும் நேரத்தைக் குறைத்தால் ஊரே கொதிக்கிறது. காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர் விறகுக்கும் கிழங்குக்கும் தடை என்றால் அது வனத்துறை விவகாரம் ஆகிவிடுகிறது.

இந்தச் சட்டத்தின் விதிகளில் நம் பக்தர்கள் படிக்க வேண்டிய ஓர் இடம் இருக்கிறது. ஒரு சமூகம் இந்தக் காட்டில் தொன்றுதொட்டு வாழ்ந்தது என்பதற்கு எதையெல்லாம் சான்றாக ஏற்கலாம் என்று விதி 13 சொல்கிறது. ஊர்ப் பெரியவரின் வாக்குமூலம் சான்று. பழைய கிணறு சான்று, இடுகாடு சான்று. புனித இடமும் சான்று. ஒரு பளியக் கிழவர் ‘எங்க பளிச்சியம்மா இந்த மரத்தடியில இருக்கா’ என்று கைகாட்டினால், அந்தக் கல்லும் அவருடைய உரிமைக்கு ஒரு சான்று. சாமி வேறு, உரிமை வேறு என்று நாம்தான் பிரிக்கிறோம், சட்டம் பிரிக்கவில்லை. அடிவாரத்துக் கல்லுக்கு டைல்ஸ் ஒட்டி, தகரக் கொட்டகை போட்டு, உபயதாரர் பெயரைப் பெரிதாக எழுதிவைக்கிற நல்ல மனசுக்காரர்கள் யோசிக்கட்டும்: அந்தக் கல்லோடு யாருடைய சான்று மறைந்துபோகிறது என்று.

ஒடிசாவின் நியமகிரியில் இது உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன வழக்கு. வேதாந்தா ஆலைக்காக அந்த மலையில் பாக்சைட் வெட்ட ஏற்பாடானது. டோங்கிரியா கோண்டு மக்கள், இது எங்கள் நியமராஜாவின் மலை என்றார்கள். 2013 ஏப்ரல் 18 அன்று வந்த தீர்ப்பு, அந்த மக்களின் வழிபாட்டு உரிமை பாதிக்கப்படுகிறதா என்பதைக் கிராமசபைகளே முடிவுசெய்யட்டும் என்றது. அந்த ஆண்டே 12 கிராமசபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. மலை இன்றும் நிற்கிறது. சாமியை நடுவில் கொண்டுவராதே என்று அவர்களிடம் யாராவது உபதேசம் செய்து, அவர்களும் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நம் மண்ணுக்கும் இது புதிதில்லை. திருவில்லிபுத்தூர் ஆண்டாள் நோன்பிருந்து பாடிய திருப்பாவையில் மழை கேட்கிறாள். தனக்கு மட்டுமா கேட்கிறாள்? நாட்டுக்கெல்லாம் கேட்கிறாள். சாமித்தோப்பு வைகுண்டர் திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தில் ஒடுக்கப்பட்டவர்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார், எல்லாச் சாதிக்கும் ஒரே கிணறு என்றார், அதற்காகச் சிறையும் போனார். 1982இல் மண்டைக்காட்டில் கலவரம் மூண்டபோது குன்றக்குடி அடிகளார் மடத்துக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கவில்லை, சமாதானம் பேசப் போனார்.

எனக்கு மிகவும் நெருக்கமான உதாரணம் காந்தியத் தம்பதி ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும். ஜெகந்நாதன் பழைய இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். இராஜபாளையமும் அப்போது அதே மாவட்டம்தான். வினோபாவின் பூதான வழியில் ஊர் ஊராக நடந்து நிலம் கேட்டவர்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டபின் கீழத்தஞ்சைக்குப் போனவர்கள், அந்த மக்களைக் கைவிடவே இல்லை. கிருஷ்ணம்மாளுக்கு வள்ளலாரின் ஜோதி பேச்சுக்கு அல்ல, வேலைக்கு. இருவரும் 1981இல் தொடங்கிய லாஃப்டி அமைப்பு வழியாக ஆயிரக்கணக்கான தலித் குடும்பங்களுக்கு, பெண்கள் பெயரில், நிலம் பதிவானது. 1990களில் நாகைக் கரையோரம் இறால் பண்ணைகள் வந்து நிலத்தடி நீர் உப்பாகி, விவசாயக் கூலிகளுக்கு வேலை போனபோது, பிரார்த்தனையும் உண்ணாவிரதமும் பாதயாத்திரையுமாகத் தொடங்கி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார் ஜெகந்நாதன். 1996 டிசம்பர் 11 தீர்ப்பு கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் அந்தப் பண்ணைகளுக்குத் தடை போட்டது. 2005இல் வந்த சட்டம் அந்தத் தீர்ப்பின் பல்லைப் பிடுங்கியது வேறு கதை. நான் கேட்பது இதுதான்: அவர்களுடைய பிரார்த்தனையைத் தனியாகவும் வழக்கைத் தனியாகவும் பிரித்துவைத்தால் இரண்டில் எதுவாவது மிஞ்சுமா?

விரகாலூரில் 1937இல் பிறந்த ஸ்டேன் சுவாமியைப் பற்றியும் இங்கே அதே முணுமுணுப்பைக் கேட்டிருக்கிறேன்: ஒரு பாதிரியாருக்கு ஜார்க்கண்ட் காட்டில் என்ன வேலை? விசாரணைக் கைதிகளாகச் சிறையில் வாடும் ஆதிவாசி இளைஞர்களைப் பற்றித் தகவல் திரட்டி நீதிமன்றம் போவதுதான் வேலை. 2020 அக்டோபரில் கைதானார். நடுங்கும் கையால் தம்ளரைப் பிடிக்க முடியாமல் உறிஞ்சுகுழல் கேட்டு மனுப் போட்டார். வழக்கு விசாரணை தொடங்கும் முன்பே 2021 ஜூலை 5 அன்று இறந்தார். பூசையோடு நின்றிருந்தால் மரியாதையாக ஓய்வுபெற்றிருப்பார்.

எதிர்வாதம் ஒன்று நியாயமானது, அதை மழுப்பக் கூடாது. சாமி பேரைச் சொல்லித்தான் சாதிச் சண்டையும் மதக் கலவரமும் நடக்கின்றன. ஆசிரமம் என்று பலகை மாட்டி மலையடிவாரத்தை வளைத்துப்போடுகிறவர்களும் இருக்கிறார்கள். உண்மைதான். அதற்காகப் பக்தியை வீட்டுக்குள் பூட்டினால் வெளியே மிஞ்சுவது அவர்கள் மட்டும்தான். அடையாளம் காண்பதும் கடினமில்லை. சாமியின் பேரால் ஒருவர் எதையாவது எடுத்துக்கொள்கிறாரா, விட்டுக்கொடுக்கிறாரா என்று பார்த்தால் போதும். ஜெகந்நாதனுக்கு எத்தனை ஏக்கர் மிஞ்சியது?

‘நாங்கள் எந்தப் பக்கமும் இல்லை’ என்கிற பக்தரை மழை விடாது. 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் அடித்துச் செல்லப்பட்டார்கள். கட்சி பார்த்தா வந்தது? மலையில் தண்ணீர் தங்காவிட்டால் தேவதானம், சேத்தூர்த் தென்னந்தோப்புகளுக்கும் மாந்தோப்புகளுக்கும் ஓடையில் தண்ணீர் இல்லை. யானை தோப்புக்குள் இறங்கினால் ராத்திரி முழுக்க வெடி போட்டுக் காவல் இருக்க வேண்டியவரும் இதே பக்தர்தான். சாஸ்தா கோயில் காடு நன்றாக இருக்க வேண்டும் என்பதில் அவருக்கு இருக்கிற பங்கு எந்தச் சூழலியல்காரருக்கும் குறைந்ததில்லை. அந்தக் காட்டின் தடம் தெரிந்தவர்களைக் காட்டை விட்டு நகர்த்திக்கொண்டே அது நடக்காது.

பங்குனி உத்திரம் முடிந்து சில வாரத்தில் மே 1 கிராமசபை வரும். அடிவார ஊராட்சி ஒவ்வொன்றிலும் திருவிழாக் கமிட்டிக்காரர்கள்தான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள், எனக்குத் தெரியும். சாலை, தெருவிளக்கு, குடிநீர் பேசட்டும். அதோடு, தம் மலையில் நிலுவையில் கிடக்கும் பளியர்களின் வன உரிமை மனுக்களை மாவட்டக் குழு உடனே முடிக்க வேண்டும் என்று ஒரு தீர்மானமும் கொண்டுவரட்டும். காப்பு கட்டி விரதம் இருந்தவர் முன்மொழிந்தால், எதிர்த்துக் கை தூக்க அந்தக் கூட்டத்தில் யாருக்குத் துணிச்சல் வரும்?