பழைய சைக்கிளுக்குப் புது ரிம்

அப்பாவின் இங்கிலாந்து ராலேயைப் பேரனுக்காகப் புதுப்பித்தேன். பளபளப்புக்கு ஆசைப்பட்டு அலுமினிய ரிம் போட்டேன். தெருமுனை இறக்கத்தில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. நல்லவேளை, முதலில் ஓட்டியது நான். முழங்கால் சிராய்ப்போடு போயிற்று.

தப்பு என்னுடையதுதான். கம்பி பிரேக்கின் கட்டை ரிம்மின் உட்புறத்தில் பதிய வேண்டும். நான் வாங்கியதோ பக்கவாட்டில் கவ்வும் பிரேக்குக்கான ரிம். பெடல் அச்சுக் கப்பும் அப்படித்தான். பழைய ராலேயில் அங்குலத்துக்கு 26 மரை. மற்ற சைக்கிள்களில் பெரும்பாலும் 24. பலவந்தமாக முடுக்கினால் மரை போய், பிரேமே வீணாகும்.

டயர், டியூப், பிரேக் கட்டை, பால்ஸ் எல்லாம் தேய்பவை, தயங்காமல் மாற்றுங்கள். மற்றவற்றுக்குப் பழைய பாகத்தைக் கையோடு கடைக்கு எடுத்துப்போய், ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள். நான் பழைய ரிம்மையே துரு போகத் தேய்த்து மாட்டிவிட்டேன். இப்போது பேரனைத் தைரியமாக அனுப்புகிறேன்.