நான்கு விரற்கடைப் போர் விமானம்

நம் கல்லூரி ஓவியப் போட்டியில் தூரிகை பிடித்த எவரும் கலந்துகொள்ளலாம் என்று அறிவிப்புப் பலகையில் கண்டேன். அதை நம்பி நானும் ஒரு பொருளைக் கொண்டு சென்றேன். நான்கு விரற்கடை நீளமுள்ள பிளாஸ்டிக் விண்போர் விமானம். மேசைமீது களம் அமைத்து ஆடும் போர் ஆட்டத்திற்கு உரியது. நடுவர்கள் எடுத்துப் பார்த்துப் புன்னகைத்தனர். பின்னர் அதைப் 'பொம்மைகள்' என்று எழுதிய ஓரத்து மேசைக்கு அனுப்பிவிட்டனர்.

பொம்மைதான், மறுக்கவில்லை. ஆனால் விளாச்சேரிக் கொலு பொம்மையைக் கலை என்று போற்றுகிற நாம், இதை மட்டும் ஏன் ஓரத்திற்குத் தள்ளுகிறோம்? இரண்டிலும் வேலை ஒன்றே. முதலில் வெள்ளைப் பூச்சு, அதன்மேல் வண்ணம், பிறகு நுண்கோடுகள். சிற்பிகள் சிலைக்குக் கடைசியில் கண் திறப்பதைப் போல, நானும் விமானியின் கண்ணாடிக் கூண்டைக் கடைசியில்தான் தீட்டினேன்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பெரிய ஊர்தியின் தகட்டு இணைப்புகளில் நிழல் தானே விழும். சிறியதில் அந்த இணைப்பு மயிரிழை அளவே, விளக்கொளியில் தெரியாது. ஆகவே நிழலையும் நாமே தீட்ட வேண்டும். நீர்த்த கரு வண்ணத்தைப் பள்ளங்களில் ஓடவிட்டு, பின் தூரிகையைத் துணியில் துடைத்து, எஞ்சிய வெளிர் வண்ணத்தால் விளிம்புகளை மட்டும் தொட்டுச் செல்வார்கள். (தூரிகை முனையை நாவால் கூர்மையாக்கும் பழக்கம் உள்ளவர்கள் அதை இன்றே கைவிடுக. சில வண்ணங்களில் நஞ்சு உண்டு.)

இயற்பியல் மாணவனாகிய எனக்கு இங்கே ஓர் ஐயம் எழுந்தது. விண்வெளியில் ஒளியைச் சிதறடிக்கக் காற்றில்லை. நிழல் கன்னங்கரேலென்றுதான் இருக்கும். அப்படியே கறுப்பாகத் தீட்டினேன். விமானத்தில் ஓட்டைகள் விழுந்ததுபோல் இருந்தது! விடுமுறையில் கோடைக்கானல் வீட்டிற்குப் போயிருந்தபோது, தை மாதக் காலை வெயிலில் மரநிழலை உற்று நோக்கினேன். அது கறுப்பில்லை, வானத்தின் நீலம் அதில் கலந்திருந்தது. 1899 முதல் கோடைக்கானலில் இருக்கும் சூரிய ஆய்வுக்கூடத்தில், சூரியப் புள்ளிகளில் வாயு பாய்வதை எவர்ஷெட் 1909 இல் கண்டறிந்தார் என்று படித்திருக்கிறேன். அத்தகைய மலையில் பிறந்த நான், நிழலுக்கு நிறமுண்டு என்பதை ஒரு பொம்மையால்தான் கற்றேன். கருநீலம் இட்டதும் விமானம் உயிர் பெற்றது.

ஆனால் மலை என்னை வஞ்சிக்கவும் செய்தது. ஐப்பசி மாலையில் தாழ்வாரத்தில் நின்று வார்னிஷைத் தெளித்தேன். மூடுபனி வந்துகொண்டிருந்ததைப் பொருட்படுத்தவில்லை. ஈரக்காற்றில் அந்தப் பூச்சு பால்போல் வெளுத்து, மூன்று வார உழைப்பை மறைத்துவிட்டது. மறுமுறை பளபளப்பு வார்னிஷைத் தூரிகையால் பூசியே ஓரளவு மீட்டேன்.

போர்க்கருவிக்கு அழகு செய்யலாமா என்று ஒரு பேராசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. 1824 இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் மேசைப் போரைப் படைப்பயிற்சிக்காகவே அளித்தார். ஆனால் வேற்றுக்கிரகப் படையெடுப்பைக் கதையாக்கிய எச்.ஜி. வெல்ஸ், 1913 இல் பொம்மைப் போருக்கு விதிகள் எழுதியபோது, மெய்ப்போரைவிட இச்சிறு போரே மேல் என்று வாதிட்டார். மறு ஆண்டே உலகப் போர் மூண்டது. நான் வெல்ஸின் பக்கம். மேசையில் வீழ்ந்த விமானத்தை மறுபடி எடுத்து வைக்கலாம்.

அதே பேராசிரியர் மற்றொன்றும் கேட்டார்: "தம்பி, இது எந்த ஊர்ப் படை?" அதற்கு என்னிடம் விடையில்லை. பெட்டியின்மேல் அச்சிட்டிருந்த வண்ணங்களை அப்படியே நகலெடுத்திருந்தேன். நடுவர்களின் புன்னகையைக் காட்டிலும் இந்தக் கேள்விதான் என்னை வருத்தியது.

இப்போது அதைச் சுரண்டிவிட்டு மீண்டும் தீட்டுகிறேன். உடலுக்குச் சோலைக்காட்டின் கரும்பச்சை. இறக்கை நுனிகளில், பள்ளிச் சிறுவனாக 2018 இல் நான் கண்ட குறிஞ்சிப் பூவின் நீலம். அந்த நீலம் இன்னும் கைகூடவில்லை. நான்கு முறை கலந்தும் கத்தரிப்பூ நிறமே வருகிறது.

வரும் ஆண்டும் கொண்டு வருவேன். எந்த மேசையில் வேண்டுமானாலும் வைக்கட்டும். பக்கத்தில் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி வைக்க மட்டும் அனுமதி தர வேண்டுகிறேன்.