கிரவுனைக் கழற்றுவதற்கு முன்னால்

"பீச்சே ஸே ஆவாஸ் ஆ ரஹா ஹை, பையா."

நாக்பூருக்கு வந்து பதினோரு வருஷம் ஆகியும் வண்டியைப் பற்றி மெக்கானிக்கிடம் எனக்குச் சொல்லத் தெரிந்த முழு இந்தியும் இவ்வளவுதான். அதிலும் ஆவாஸ் பெண்பாலாம், 'ஆ ரஹீ ஹை' என்று சொல்லணுமாம். பத்தாவது படிக்கும் மகள் தலையில் அடித்துக்கொள்கிறாள். ஆணோ பெண்ணோ, அந்த ஒரு வரியைச் சொல்லி வண்டியை விட்டுவிட்டு ஆபீசுக்கு ஆணி பிடுங்கப் போனேன். அதற்குக் கொடுத்த விலை கொஞ்சம் பெரிசு.

கொசுவத்தியைச் சுற்றிவிடுகிறேன். போன வருஷம் அப்பாவின் முதல் வருஷத் திதி. கோவில்பட்டிக்குக் குடும்பத்தோடு காரிலேயே போவதாகத் திட்டம். ஏழு பேர் உட்காரும் பழைய வண்டி, பின்சக்கர இயக்கம். ஹைதராபாத், பெங்களூரு, சேலம், மதுரை என்று 44-ஆம் நெடுஞ்சாலையிலேயே சுமார் 1600 கிலோமீட்டர். கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது பின்னாலிருந்து 'ஊஊம்' என்று ஒரு சத்தம். 40-ஐத் தாண்டினால் ஆரம்பித்து வேகத்தோடு கூடவே ஏறுகிறது.

காலையில் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். மாலையில் போய்ப் பார்த்தால் ஹவுசிங் திறந்து கிடக்கிறது. கிரவுன்-பினியன் போய்விட்டது, செட்டாக மாற்றணும் என்றார்கள். ஓட்டிப் பார்த்தீர்களா என்று கேட்கத் தோன்றவில்லை. செட் வர நாளாகி, தத்கலில் கிடைத்த ஒரே டிக்கெட்டில் நான் மட்டும் ஊருக்குப் போனேன். "புள்ளைகளக் கூட்டியாரலியாப்பா?" என்று அம்மா இரண்டு தடவை கேட்டாள். திரும்பி வந்து, ஐந்து இலக்கத்தில் பில் கட்டி, வண்டியை எடுத்து ஓட்டினால்... அதே ஊஊம்!

கடைசியில் கண்டுபிடித்தவர் ஒரு வயசான லாரி மெக்கானிக். ஸ்பேனரையே தொடவில்லை. பக்கத்தில் ஏறி உட்கார்ந்து "சலோ" என்றார். காலி ரோட்டில் 60-இல் போகும்போது சாவியைத் தொடாமல் நியூட்ரல் போடச் சொன்னார். சத்தம் குறையவில்லை, ஆக என்ஜினும் கிளட்சும் கணக்கிலிருந்து போயின. அப்புறம் ஆக்சிலேட்டரை மிதித்தும் விட்டும் ஓட்டச் சொன்னார். பல்லின் ஒரு பக்கம் வண்டி இழுக்கும்போது உழைக்கிறது, மறுபக்கம் காலை எடுக்கும்போது. அதனால் கிரவுன்-பினியன் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் இரண்டுக்கும் சுருதி மாறும், இல்லை ஒன்றில் கத்தி மற்றதில் அடங்கும். என் வண்டியில் மாற்றமே இல்லை. தார் ரோட்டிலிருந்து சிமெண்ட் ரோட்டுக்குப் போனோம் (நாக்பூரில் அதற்குப் பஞ்சமில்லை). டயர் சத்தமாக இருந்தால் ரோடு மாறும்போது அதுவும் மாறணும். மாறவில்லை. பிறகு மெதுவாக இடமும் வலமும் வளைக்கச் சொன்னார். வலப்பக்கம் வளைத்தபோது சத்தம் ஏறியது. வலப்பக்கம் வளைத்தால் எடை இடப்பக்கச் சக்கரத்தின் மேல் சாயும். இடது பின்சக்கர பேரிங்! மொத்தம் கால் மணி நேரம்.

என் கட்சி இதுதான்: வண்டியில் ஏறி உட்காராமல் டிஃபரன்ஷியலைத் திறக்கிறவரிடம் வண்டியைத் திறக்கவே விடக்கூடாது. "நமக்கென்ன தெரியும், அது அவங்க தொழில்" என்கிறார் தங்கமணி. தொழில் அவர்களுடையதுதான், ஆனால் சத்தம் எப்போது வருகிறது என்பது தினமும் ஓட்டுகிற நமக்குத்தானே தெரியும்? ஊரில் என்றால் தானாகச் சொல்லியிருப்போம். ஊளையிடுதுண்ணே, உறுமுது, திரும்பும்போது கரகரங்குது, ரிவர்ஸ் போட்டா டக்குங்குது... இந்த ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒவ்வொரு இடம் இருக்கிறது. ஊளை என்றால் பெரும்பாலும் பல். உறுமல் என்றால் பேரிங். அதிலும் சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் பினியன் ஏறக்குறைய நான்கு சுற்று சுற்றுவதால், பினியன் பேரிங்கின் உறுமல் சக்கர பேரிங்கைவிட உச்சத்தில் இருக்கும். திருப்பத்தில் மட்டும் கரகர என்றால் உள்ளே இருக்கும் சின்ன கியர்களைச் சந்தேகிக்கலாம். நேராகப் போகும்போது அவை தங்களுக்குள் சுற்றுவதில்லை. முன்னும் பின்னும் கியர் மாற்றும்போது டக் என்றால் முதலில் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸைப் பார்க்கச் சொல்லுங்கள். அது போயிருந்தால் செலவும் கம்மி. இந்தியிலும் கட்-கட், கர்ர்-கர்ர் எல்லாம் உண்டு. நாம்தான் ஒரு 'ஆவாஸ்' போதும் என்று இருந்துவிடுகிறோம்.

அதற்காக நிஜமாகவே டிஃபரன்ஷியல் என்றால் தள்ளிப்போடாதீர்கள். பேரிங் நொறுங்கி இறுகினால் ஓடும் வண்டியில் பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளலாம். கழற்றும் முன் கியர் ஆயிலைப் பாருங்கள்; ஃபில்லர் துளையின் விளிம்பு வரை இருக்கணும். வடித்த ஆயிலில் மை மாதிரி நைசாக இருந்தால் பரவாயில்லை, சில்லு சில்லாக உலோகம் வந்தால் திறக்கத்தான் வேண்டும். கிரவுனையும் பினியனையும் ஜோடியாகத்தான் மாற்றணும். மாட்டியபின் பல்லில் சாயம் தடவிச் சுற்றி எங்கே பதிகிறது என்று பார்க்கணும். எனக்கு மாட்டியவர்கள் அதைச் செய்தார்களா, தெரியாது. பேரிங் மாற்றி உறுமல் போனபின் 70-இல் மெல்லிசாக ஒரு ஊளை கேட்கிறது. முன்னாடி இருந்ததே இல்லை. நல்லா இருந்த செட்டைக் கழற்றி இதை வாங்கியிருக்கிறேன் :-)

பொலேரோ, ஈகோ, இன்னோவா கிரிஸ்டா மாதிரி வண்டி வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தக் கவலை. முன்சக்கர இயக்கச் சின்ன கார்களுக்குப் பின்னால் டிஃபரன்ஷியலே கிடையாது. யாராவது மாத்தணும் என்றால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

இந்த வருஷத் திதிக்கு இன்னும் மூணு வாரம். சாயம் தடவிப் பார்க்க அந்தப் பெரியவர் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். மகளையும் கூட்டிப் போகிறேன், இந்திக்கு.